அரையாயுசு சாரின் கதிர்ச் சிதைவு

பொதுமக்கள் கொடுக்கும் மனு எதுவானாலும் அதற்கு ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று ஓர் இடைக்காலப் பதிலாவது தர வேண்டும். மனு தவறான இடத்துக்கு வந்திருந்தால் சரியான இடத்துக்கு அனுப்பிவிட்டு, அனுப்பியதை மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும். இது விதி. பணியில் இருந்தபோது புதிதாகச் சேர்ந்த இளநிலை உதவியாளர்களுக்கு இதை நான் பாடமாகவே நடத்தியிருக்கிறேன். அவர்களும் துறைத் தேர்வில் அட்சரம் பிசகாமல் எழுதித் தேறிவிட்டு மறுநாளே மறந்துவிடுவார்கள்.

இந்த விதியின் பலன் யாருக்குக் கிடைத்திருக்க வேண்டுமோ, அவரைப் போல இன்னொரு மனிதர் பெண்ணையாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் இடையில் பிறக்கவில்லை. பிறந்திருந்தால், ஏற்கெனவே ஒரு முறை பிரித்த மாவட்டத்தை மறுபடியும் பிரித்து ஆளுக்கொரு பக்கம் உட்கார வைத்திருப்பார்கள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அண்ணாமலை நகரை ஒட்டிய எங்கள் தெருவில் பாதி வீடுகள் மாணவர்கள் தங்கும் லாட்ஜ், மீதி என்னைப் போன்ற ஓய்வூதியக்காரர்கள். இரண்டு தரப்புக்கும் அவர் 'அரையாயுசு சார்'தான். மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கதிரியக்கப் பொருள் எதுவும் ஒரேயடியாகத் தீராது, குறிப்பிட்ட காலத்தில் பாதியாகும், அதே காலத்தில் அந்தப் பாதி மறுபடி பாதியாகும். அந்தக் காலத்துக்குப் பாடப் புத்தகத்தில் அரை ஆயுட்காலம் என்று பெயர். அவர் சுருக்கமாக 'அரை ஆயுசு' என்பார். நேரம், காலம், எதிரே நிற்கும் ஆள் எதையும் பார்க்காமல் சொல்வார்.

தெருவில் யாரையாவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அந்த ஆளே வந்து நின்றால், "ஒனக்கு நூறாயுசுப்பா!" என்று சொல்வது வழக்கம். அரையாயுசு சார் உடனே குறுக்கே விழுவார். "நூறுங்கிறதெல்லாம் கணக்கே இல்ல. அரை ஆயுசு எவ்ளோன்னு சொல்லுங்க, அதான் கணக்கு." வந்து நின்றவர் வந்த வழியே போய்விடுவார்.

கீழ வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த கல்யாணத்தை மறக்க முடியாது. மொய்க் கவரோடு வரிசையில் நின்ற அவர், பின்னால் நின்றவருக்கு ட்ரிட்டியம் என்ற வாயுவைப் பற்றி விளக்கிக்கொண்டே மேடை ஏறிவிட்டார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கியபடி முகம் நிறைய சிரிப்போடு அவர் சொல்லி முடித்த வாக்கியம் இதுதான்: "அரை ஆயுசு பன்னெண்டு வருஷம்தான். அப்புறம் பாதியாயிடும்!"

பெண்ணின் அம்மா அங்கேயே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். பெண்ணின் மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "யோவ், யாருய்யா நீ? யாரு பக்கத்து ஆளு?" என்று வந்தார். இரண்டு பக்கத்தாரும் அவர் தங்கள் ஆள் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அது ஒரு வாயுவின் ஆயுள், மாப்பிள்ளையின் ஆயுள் அல்ல என்று எடுத்துச் சொல்லி நான்தான் அவரைப் பந்தி வழியாக வெளியே கொண்டுவந்தேன். வெளியே வந்து அவர் கேட்டது: "என்னா சார், சயின்ஸ் படிச்ச மாப்பிள்ளன்னு சொன்னாங்களே?"

இத்தனை பித்துக்கும் காரணம் அவர் மனைவி மரகதத்தின் நெஞ்சில் இருந்தது. தோளுக்குக் கீழே, தோலுக்கடியில், தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கர். தெருவில் அதற்கு 'நெஞ்சு பேட்டரி' என்று பெயர். மேல்பட்டாம்பாக்கத்துக்காரரான அந்த அம்மாள் எதற்கும் அசையாதவர். ஆனால் அந்தப் பேட்டரி வைத்த சமயத்தில் புண் சீழ் பிடித்து, திறந்து, கழுவி, மறுபடி தைத்து, புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து திரும்பினார். வீட்டுப் படி ஏறும்போதே சொல்லிவிட்டார்: "இனிமே என்னைய எவனும் கத்தி வெக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

பேட்டரி என்றால் ஒரு நாள் தீரும். தீரும் முன் மாற்ற வேண்டும். மாற்ற வேண்டுமானால் அதே இடத்தில் கத்தி வைத்தாக வேண்டும். இந்த மூன்று வாக்கியங்களுக்கு இடையில் மாட்டிக்கொண்ட அரையாயுசு சார், தீராத பேட்டரி ஒன்றைத் தானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்.

"சில பொருளு தானா செதையும் சூப்ரெண்ட் சார்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். நான் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன், ஆகவே தெருவுக்கு நான் 'சூப்ரெண்ட்'. "செதையும்போது எலக்ட்ரான வெளிய தள்ளும். அது ஒரு சில்லு மேல போயி விழுந்தா கரண்டு. வெயிலு பட்டா சோலார் செல்லு கரண்டு குடுக்குதுல்ல, அது மாதிரி. அடுப்பு வேணாம், டர்பைன் வேணாம், ஒண்ணும் வேணாம். வெளிநாட்டுல ஒரு காலத்துல இந்த மாதிரி பேட்டரிய நெஞ்சுலயே வெச்சிருக்காங்க சார்."

"அப்புறம் ஏன் விட்டாங்க?"

"லித்தியம் வந்துருச்சு. சல்லிசா போச்சு. விட்டுட்டாங்க." யாரோ அவர் வீட்டுச் சொத்தை அபகரித்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டார்.

கூடத்தில் சோதனை தொடங்கியது. மனைவியின் ஊரில் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒரு கடையில் பழைய மேண்டில்களை அள்ளி வந்தார். விளக்குக்குள் வெள்ளைப் பையாகத் தொங்குமே, அது. பழையவற்றில் தோரியம் இருக்குமாம், புதியவற்றில் இருக்காதாம். "புதுசுல உசுரு இல்ல சார்" என்று கடைக்காரரிடம் சண்டை பிடித்து, அட்டை மக்கிப்போன பாக்கெட்டுகளாகப் பார்த்து வாங்கினார். முறுக்குச் சம்படம் ஒன்றை உள்ளே கறுப்படித்து, பழைய கால்குலேட்டரிலிருந்து பிடுங்கிய சோலார் சில்லை அதில் ஒட்டி, அதன்மேல் மேண்டிலைப் பரப்பி, மூடியைப் போட்டு மீட்டரை இணைத்தார்.

ஒரு நாள் மதியம் தெருவே அதிரும்படி கத்திக்கொண்டு ஓடி வந்தார். "அரை வோல்ட்டு! அரை வோல்ட்டு!" போய்ப் பார்த்தேன். மீட்டரில் உண்மையிலேயே எண் ஓடியது. மரகதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ஜன்னல் கதவைச் சாத்தினார். எண் விழுந்தது. திறந்தார், எழுந்தது. மூடியின் ஓரத்தில் ஆணி போன ஓட்டை ஒன்று வழியாக மேற்கு வெயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"சூரியனும் அணுசக்திதான சார்" என்றார் அவர், ஓட்டையை விரலால் மூடிப் பார்த்துவிட்டு.

ஓட்டையை அடைத்த பிறகு மீட்டர் சுழியத்தைவிட்டு நகரவில்லை. மேண்டிலில் வீரியம் போதாது, ட்ரிட்டியம் போன்ற சரக்கு வேண்டும் என்றார். மரகதத்தின் தம்பி செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்ப்பவர். அவரைப் பிடித்தார்.

"மச்சான், ஒங்க பிளான்ட்டுல டேங்க்குல எவ்ளோ இருக்குன்னு பாக்குற மீட்டரு ஒண்ணு இருக்கும். சில எடத்துல அதுக்குள்ள சின்னதா ஒரு கதிரியக்க சோர்ஸ் வெச்சிருப்பாங்க..."

"மாமா, அத கழட்டுனா என்னையும் சேத்துக் கழட்டிடுவாங்க. அக்காவுக்குப் பேட்டரி பண்றேன்னு அக்கா தம்பிய ஜெயிலுக்கு அனுப்பாதீங்க."

"கேட்டா தப்பா?"

"கேட்டதே தப்புதான். டீய குடிங்க."

உரிமம் இல்லாமல் கதிரியக்கப் பொருளை எவரும் வாங்கவோ வைத்திருக்கவோ கையாளவோ கூடாது என்ற விதியை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன். ஆச்சரியம், உடனே ஒப்புக்கொண்டார். வெளிநாட்டிலிருந்து இருட்டில் மினுங்கும் சாவிக்கொத்து வாங்கி வருகிறேன், அதில் ட்ரிட்டியம் இருக்கிறது என்று ஒரு பழைய மாணவன் சொன்னபோதுகூட வேண்டாம் என்றுவிட்டார். "மரகதம் நெஞ்சுல வெக்கப் போறது சார். திருட்டுச் சரக்கு வேணாம்." முறைப்படி அனுமதி கேட்டு, முறைப்படி ஓர் ஆய்வகத்தில் சிறு அளவில் செய்துபார்ப்பது என்று தீர்மானமாயிற்று. மனு எழுத உட்கார்ந்தோம்.

பொருள் என்ற இடத்தில் நான் 'கதிரியக்கச் சிதைவு' என்று எழுதினேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"கதிரியக்கம்னு போட்டா பயந்துக்குவாங்க சார். எழுத்த கொறைங்க. 'கதிர்ச் சிதைவு'ன்னு போடுங்க. மெதுவா இருக்கும்."

எனக்கும் அது கண்ணியமாகத்தான் பட்டது. 'கதிர்ச் சிதைவு வழி மின்சாரம் – சிறு அளவில் சோதனை – அனுமதி வேண்டுதல்.' பயனாளி என்ற இடத்தில் மரகதத்தின் பெயரை எழுதினோம். ஒரு திங்கட்கிழமை கடலூருக்குப் பேருந்து ஏறி, ஓர் அலுவலகத்தில் கொடுத்தோம். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், எனக்கு ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அது சம்பா அறுப்புக் காலம். பருவம் தப்பிப் பெய்த மழையில் சாய்ந்த பயிருக்கு நிவாரணம் கேட்டு மாவட்டமே வரிசையில் நின்றது. கணினியில் பதிவு செய்த பிள்ளை, கட்டத்துக்குள் இடம் போதாமல் பொருளைச் சுருக்கினார். கதிர்ச் சிதைவு.

மனு வேளாண்மைக்குப் போனது.

சில வாரங்களில் பைக்கில் ஓர் இளைஞர் வந்தார். வேளாண்மை உதவி அலுவலர். தலைக்கவசத்தைக் கழற்றி, தெருவை மேலும் கீழும் பார்த்தார். லாட்ஜ் மாடியில் காய்ந்த லுங்கிகளைத் தவிர வேறு விளைச்சல் எதுவும் கண்ணில் படவில்லை.

"சார், கதிர் செதஞ்சிட்டுதுன்னு மனு குடுத்திருக்கீங்க. நெலம் எங்க?"

"நெலம் இல்லீங்க. வீட்டுக்குள்ளதான்."

"வீட்டுக்குள்ளயா? சரி, எதுனால செதஞ்சிச்சு? மழையா, பூச்சியா?"

"பூச்சி இல்லீங்க. தானாவே செதையும். அதான் அதோட கொணமே."

"தானாவேன்னா அது நோயி." எழுதிக்கொண்டார். "என்னா ரகம்?"

"ட்ரிட்டியம் கேட்டிருக்கேன்."

"புது ரகமா? கேள்விப்படலியே. எத்தினி நாள் பயிரு?"

அரையாயுசு சாரின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை எவரும் அவரிடம் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. "அரை ஆயுசே பன்னெண்டு வருஷம் தம்பி!"

இளைஞர் எழுதுவதை நிறுத்தினார். "பன்னெண்டு வருஷமா? அப்ப அது மரப்பயிரு சார். எங்களுக்கு வராது. தோட்டக்கலைக்கு அனுப்பிடறேன்."

அனுப்பினார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன்னுடையதல்லாத மனுவை உரியவருக்கு உடனே அனுப்ப வேண்டும் என்பது விதி. தோட்டக்கலையில் ஒருவர் அதை முழுவதும் படித்திருக்க வேண்டும், ஏனென்றால் 'மின்சாரம்' என்ற சொல் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. விவசாயப் பம்புசெட் இணைப்பு கேட்கிறார்கள் என்று முடிவு செய்து மின்சாரத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து, கிணறு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் போனில் ஒருவர் பேசினார். "கெணறு இல்லீங்க, சம்படம்தான்" என்றார் இவர். நான் போனைப் பிடுங்கி முழுக் கதையையும் சொன்னேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டு, "அய்யய்யோ, இது டெல்லி, பம்பாய் போற விஷயமாச்சே சார்" என்று சொல்லி மேலே அனுப்பினார். ஒவ்வொருவரும் விதிப்படிதான் நடந்தார்கள். மனு ஓரிடத்திலும் நிற்கவில்லை. அதுதான் பிரச்சினை.

நெஞ்சு பேட்டரிக்கு இந்த விதிகள் தெரியாது. பரிசோதனைக்குப் போன இடத்தில், தீரும் கட்டத்துக்கு வந்துவிட்டது, சீக்கிரம் மாற்றியாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மரகதம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஒரு முறை தண்ணீர்க் குடத்தோடு வாசலில் உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி வந்து கெஞ்சிப் பார்த்தார். "இவரு பண்ணிக்கிட்டு இருக்காருல்லடா, பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அரையாயுசு சார் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் போனேன். மரகதம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தச் சம்படத்துல பேட்டரி வரும்னு நெசமாவே நம்புறீங்களா?"

"அண்ணே, நான் எட்டாவதுதான். ஆனா ஜன்னலச் சாத்துனது நான்தான?" கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொத மொத பயந்தது நெசம். இப்ப கத்தியும் பயமில்ல, ஒண்ணும் பயமில்ல. ஆனா நான் போயி மாத்திக்கிட்டன்னா இவரு டப்பா வெறும் டப்பாவாயிடும். எனக்காவன்னு உக்காந்திருக்கிற மனுசன், அப்புறம் எதுக்காவன்னு உக்காருவாரு?"

முப்பது ஆண்டுக்கு மேல் கோப்பு பார்த்தவன் நான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு ஓர் உயிரை நிலுவையில் வைத்திருந்த இப்படியொரு கோப்பை நான் பார்த்ததில்லை. தெருமுனையில் காத்திருந்து, அரையாயுசு சாரிடம் அப்படியே சொன்னேன். மருந்துப் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போனார். பின்னாலேயே போன எனக்குக் கூடத்தில் அவர் குரல் கேட்டது.

"மரகதம். என்னால முடியல."

"அதான் தெரியுமே" என்றது சமையலறைக் குரல். "தம்பிக்குப் போன் போடுங்க. வண்டி எடுத்தாரட்டும்."

இந்த முறை சீழ் பிடிக்கவில்லை. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் வராந்தாவில் நின்றிருந்தார். எடுத்த பழைய பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறார். ரெண்டரை வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது போதாது என்றாராம் டாக்டர்.

"பத்தாதாம் சார்" என்றார். "நான் இத்தினி வருஷமா எடுத்த மொத்தத்தையும் ஒண்ணா கூட்டுனாக்கூட அந்தச் செத்த பேட்டரி கிட்ட வராது. அது பத்தாதுன்னு தூக்கிப் போடுறாங்க." சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மரகதம் சம்படத்தைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "புதுசும் ஒரு நாளு தீரும்ல? அப்ப ஆவும். நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க." அவரும் உட்கார்ந்தார். மறுபடியும் மேண்டில், மறுபடியும் மீட்டர், மறுபடியும் சுழியம். "பதில் வந்துட்டா ட்ரிட்டியத்துல செஞ்சிடலாம்" என்பார். தெருவில் ஒரு கல்யாணப் பத்திரிகையும் அவருக்குப் போகவில்லை.

அந்த ஐப்பசி மழையில் மரகதத்துக்குச் சளி பிடித்தது. சளி காய்ச்சலாகி, காய்ச்சல் நிமோனியாவானது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பேஸ்மேக்கர் உள்ளவர்களை எரியூட்டும் முன் அதை வெளியே எடுத்துவிட வேண்டும், சூட்டில் வெடிக்கும் என்பது விதி. இந்தக் கதையில் காலதாமதமின்றி, இடம் மாறாமல் நிறைவேறிய விதி அது ஒன்றுதான். எடுத்ததை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பேட்டரி நல்லா இருக்கு சார்" என்றார். "இன்னும் பத்து வருஷம் வருமாம்."

அதற்குப் பிறகு தெருவில் யாராவது யாருக்காவது நூறாயுசு என்று சொன்னால் குறுக்கிட ஆளில்லை. கூடத்து ஜன்னல் திறந்தே கிடந்தது. அவர் தம்பி முறைக்காரர்கள் இரண்டு பேர் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். மச்சான் செம்மங்குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் மீன் குழம்பு கொண்டுவந்து, "மாமா, சாப்புடுங்க மாமா" என்று உட்கார்ந்திருந்து போவார். பாத்திரம் அப்படியே திரும்பும்.

பிறகு ஒரு நாள் அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் பிரித்த உறை. சரியான இடத்திலிருந்து, சரியான அதிகாரி, சரியான தமிழில் எழுதியிருந்தார். மனு கவனமாகப் படிக்கப்பட்டிருந்தது. கதிர் எது, சிதைவு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தனியார் வீட்டில் அனுமதிக்க இயலாது, ஆனால் உரிமம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் மனுதாரர் முன்னிலையில் செய்துகாட்ட வழியுண்டு என்று கனிவாகவே சொல்லியிருந்தார். என் பணிக்காலம் முழுவதும் தேடினாலும் இப்படியொரு கடிதத்தைக் கண்டிருக்க மாட்டேன். கடைசி வரியில் மட்டும் ஒரு விவரம் கேட்டிருந்தார்: பயனாளியின் தற்போதைய நிலையைத் தெரிவிக்கவும்.

"சூப்ரெண்ட் சார்" என்றார். "இதுக்கு என்னான்னு எழுதுறது?"

தணிக்கைக்கு, வழக்குமன்றத்துக்கு, சட்டமன்றக் கேள்விக்கு, எதற்கும் பதில் எழுதிக் கொடுத்தவன் நான். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் எதிரே, எழுதிவிடுவேன் என்று நம்பி, உட்கார்ந்திருந்தார். உள்ளே என் மனைவி இரண்டு தட்டு வைத்தாள். "மொதல்ல சாப்புடுவோம் சார், வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பினேன். வந்தார். அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வந்த தபால் எதுவானாலும் அதன்மேல் வந்த தேதியைக் குறிக்க வேண்டும் என்பது விதி. அவர் கை கழுவப் போனபோது, எனக்குத் தெரிந்த அந்த ஒன்றை மட்டும் எழுதினேன்: ஆனித் திருமஞ்சனத்துக்கு மறுநாள், பிற்பகல் தபாலில்.